துளசிமணியின் இடது உள்ளங்கை

அன்று மூன்றாவது லைனில் இருந்தவர்கள் இவர்கள்: டைலர்கள் பத்தொன்பது பேர் (மெசின் இருபத்தொன்று, ஒருத்தி மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், இன்னொருத்தியின் மாமியார் இறந்துவிட்டார், லீவு லெட்டர்களின்படி அந்த வருடத்தில் அது அவருடைய மூன்றாவது சாவு), ஹெல்பர்கள் ஐந்து பேர், செக்கிங் பெண்கள் இரண்டு பேர், அயர்ன் மாஸ்டர் குப்புராஜ், சூப்பர்வைசர் ரங்கராஜ், ஒரே டியூப்லைட்டை மூன்று நாளாக மாட்டிக்கொண்டு ஏணிமேலேயே குடியிருந்த எலக்ட்ரீசியன் ஒருவர், ஊசி ரூமின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நான். ஆக முப்பது பேர். சுவரில் இருந்த மூன்று சாமி படங்களையும் ஒரு பல்லியையும் நான் சேர்க்கவில்லை. அவை அட்டெண்டன்ஸில் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஊசி ரூம் என்றால் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால் டைலர் கையைத் தூக்கி எழுந்து நிற்க வேண்டும், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி என் ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும், நான் அவற்றைப் பூதக்கண்ணாடியில் பொருத்திப் பார்த்து, முழு ஊசியும் வந்துவிட்டது என்று தெரிந்தால், நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதியும் நேரமும் எழுதி, புது ஊசி ஒன்று கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் புது ஊசி கிடையாது, அந்த பண்டல் அங்கேயே நிற்கும், ஏனென்றால் காணாமல் போன துண்டு துணிக்குள் இருக்கலாம், அந்தத் துணி கப்பலேறிப் போய் எந்த தேசத்துக் குழந்தையின் முதுகிலோ குத்தலாம். ஒன்பது வருடமாக ஊசி ரூமில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக என் நோட்டில் காணாமல் போன துண்டு என்று ஒன்றுகூடக் கிடையாது.

அந்த மாதம் ஆறாம் தேதி, டீ முடிந்து பதினொன்று பத்துக்கு, பதினாலாம் நம்பர் மெசினில் துளசிமணியின் ஊசி உடைந்தது.

துளசிமணிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினேழு வருடமாக டைலர், பதினேழு வருடமாகக் கழுத்து மட்டுமே தைத்தவள், ஏனென்றால் லைனில் ஒருத்தி கழுத்து, ஒருத்தி கை, ஒருத்தி அடிமடிப்பு என்று ஆளுக்கொரு துண்டுதான் தைப்பார்கள், முழுச் சட்டையைத் தைப்பது சாம்பிள் டைலர் ஒருவர் மட்டும்தான். அந்தச் சாம்பிள் சட்டையில் தைத்தவர் பெயரை எழுதி ஒரு சீட்டுக் கட்டுவார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து துளசிமணிதான் சாம்பிள் டைலர் என்று மானேஜர் குழந்தைவேலு சொல்லியிருந்தார். அதிலிருந்து அவள் சாப்பாட்டு நேரத்தில்கூட எதிரில் இருப்பவர்களின் கையையும் தோளையும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது பச்சைக் குழந்தைகளுக்கான கவுன், நாலாயிரத்து எண்ணூறு பீஸ். உடைந்த ஊசியில் இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. ஹெல்பர்கள் ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து தேடினார்கள், ரங்கராஜ் நின்றபடி கத்தித் தேடினார். அப்போது அந்த முனை ரங்கராஜின் ஷூவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. முதலில் எறும்பு போல நகர்ந்தது, ஒரு இடத்தில் நின்று யோசித்தது, பிறகு நகர்ந்தது, பிறகு வேகமாக நகர்ந்தது, ஒரு ஜாண் தூரம் இருக்கும்போது தரையை விட்டு எழும்பி, தொங்கவிட்டிருந்த துளசிமணியின் இடது உள்ளங்கையில் போய் ஒட்டிக்கொண்டது.

"வந்துருச்சுங்ண்ணா," என்றாள் துளசிமணி என்னைப் பார்த்து. நான் நோட்டைத் திறந்தேன்.

அதோடு நின்றிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். ஆனால் அதன் பின்னாலேயே மெசின் சந்துகளிலிருந்தும், துணிக்கூடைகளின் அடியிலிருந்தும், சுவர் விரிசலிலிருந்தும், எலக்ட்ரீசியனின் ஏணிக்காலின் ரப்பரிலிருந்தும் முனைகளும் நடுத்துண்டுகளும் ஊசிக் கண்களும் வரிசையாகக் கிளம்பி வர ஆரம்பித்தன, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல முதலில் மெதுவாகவும் பந்தி தெரிந்ததும் ஓட்டமுமாக. நான் எண்ணினேன். நாற்பத்தொன்று.

லைன் முழுதும் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாகத் தைத்தது. பிறகுதான் எனக்கு விவரம் சொன்னார்கள். ஒவ்வொரு டைலரும் குங்கும டப்பாவில் நாலைந்து ஊசிமுனைகளைச் சேமித்து வைத்திருப்பாளாம். முனை காணாமல் போனால் பண்டல் நிற்குமே என்று, டப்பாவிலிருந்து ஒரு முனையை எடுத்து மற்ற துண்டுகளோடு சேர்த்து என் ஜன்னலுக்குக் கொண்டுவருவாளாம். ஒன்பது வருடமாக நான் பூதக்கண்ணாடியில் பொருத்திப் பார்த்து ஒட்டியவற்றில் எத்தனை ஊசி ஒரே ஊசி என்று எனக்குத் தெரியாது. நோட்டில் புதுப்பக்கம் திருப்பி, "தானாக வந்தவை: 41" என்று எழுதினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அனுமதியோடு டேப்பை வைத்து அளந்தேன். நாலடிக்கு அப்பால் இரும்பு அசையாது. மூன்றடியில் நடுங்கும். இரண்டடியில் கிளம்பும். ஓரடியில் பஸ்ஸைப் பார்த்துவிட்டவன் போல ஓடும். கடைசி ஒரு ஜாணைக் கண்ணால் பார்க்க முடியாது, இங்கே இருக்கும், பிறகு அங்கே இருக்கும். துணி, மரம், அட்டை எதுவும் அதைத் தடுக்கவில்லை. பித்தளையும் அலுமினியமும் வரவில்லை. சில எவர்சில்வர் டப்பாக்கள் வந்தன, சில வரவில்லை. வந்த டப்பாவின் சொந்தக்காரிகள் பாத்திரக்கடைக்காரனைத் திட்டினார்கள். இரும்பு சின்னதென்றால் அது துளசிமணியிடம் வந்தது, பெரியதென்றால் துளசிமணி அதனிடம் போனாள்.

ரங்கராஜ் அவளைச் சுற்றி மூன்றடிக்குச் சாக்பீஸ் வட்டம் போட்டார். போடும்போது அவரே ஓரடி உள்ளே போய்விட்டதால் பெல்ட் கொக்கி முதலில் போயிற்று, அதன் பின்னாலேயே பேண்ட் ஜிப்பும் புறப்பட்டது. நல்ல பேண்ட்டில் ஜிப் பித்தளையாக இருக்கும். ரங்கராஜ் பெரிய கடையில் எடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்த பேண்ட்டில் இரும்பு ஜிப் என்பது அன்று முப்பது பேருக்கும் தெரிந்தது.

"கண்ணை மூடிக்கிறேனுங்ண்ணா," என்றாள் துளசிமணி, "நீங்களே கழட்டி எடுத்துக்குங்."

மறுநாள் மானேஜர் குழந்தைவேலு வந்து பார்த்தார். அவர் கழுத்தில் விரல் தடிமனுக்கு ஒரு சங்கிலி உண்டு, ஏழு பவுன் என்று அவர் சொல்லாமல் சட்டையின் போடாத மேல் பொத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பதை அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. சங்கிலி மூன்றடியில் நடுங்கி, இரண்டடியில் கிடைமட்டமாக நின்று, அறுந்து போய் ஒட்டிக்கொண்டது.

"கொக்கி மட்டும் இரும்பு," என்றார் குழந்தைவேலு. "கொக்கிதான் மத்ததையும் இழுத்துட்டுப் போயிருச்சு."

"ஆமாங் சார், பாவம், ஒண்டிக் கொக்கி," என்றார் குப்புராஜ். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டோம்.

இப்படி ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. பெண்கள் சேலையில் ஊக்குக் குத்துவதை விட்டு முடிச்சுப் போட்டார்கள். கேண்டீனில் அவளுக்கு மட்டும் வாழையிலை. டவுன் பஸ்ஸில் அவள் ஏறவில்லை, பஸ்தான் அவளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஸ்டாப் தள்ளி விட்டது, அதிலிருந்து புருஷன் செல்லமுத்து மொபெட்டில் கொண்டுவந்து விட்டான். பின்னால் உட்கார்ந்து கேரியரில் இடது கையை வைத்துவிட்டால் எந்தப் பள்ளத்திலும் விழமாட்டாள் என்பதால் அவன் முன்பைவிட வேகமாக ஓட்டினான் என்று அவளுக்குக் கோபம். கருப்பண்ணசாமி கோயில் பூசாரி மட்டும் அவளைத் தடுத்தார்.

"அம்மிணி, நீ ரோட்டுல நின்னே கும்புட்டுக்க. அருவா பூரா உன்னயப் பாத்துச் சாயுது. யாரு யாரைக் கும்புடறாங்கன்னு சனம் கேக்குது, எனக்குப் பதில் சொல்ல முடியல."

பழகாத இடம் ஒன்றே ஒன்று, பதினாலாம் நம்பர் மெசின். தைக்கும்போது இடது கைதான் துணியை ஊசிக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ஊசி இடது பக்கம் சாய்ந்தது. கழுத்துத் தையல் பாம்பு போன தடமாக வந்தது. நாலு நாளில் அவள் தைத்த நூற்றுப் பன்னிரண்டு கழுத்துகளையும் செக்கிங்கில் திருப்பி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தாள், மறுபடி சாய்ந்தது.

பத்தாம் தேதி மானேஜர் அவளைக் கூப்பிட்டு, மெசினை விட்டு எழுந்துகொள்ளச் சொன்னார்.

பேக்கிங்கில் ஊசி கண்டுபிடிக்க ஒரு மெசின் இருந்தது. பெல்ட்டில் கவுன்கள் வரிசையாகப் போகும், உள்ளே இரும்பு இருந்தால் மெசின் கத்தும். எங்கள் மெசின் இரும்பு இருந்தாலும் கத்தியது, இல்லாவிட்டாலும் கத்தியது, யாராவது தும்மினாலும் கத்தியது. ஆறு மாதமாக அதை அணைத்துவைத்து, நோட்டில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் தரையில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டு அதன்மேல் துளசிமணியை நிறுத்தினார்கள். கவுன்கள் அவள் முன்னால் போயின. எதிலாவது துண்டு இருந்தால் அது பாலிதீனைக் குத்திக்கொண்டு வெளியே வந்து அவள் கையில் உட்கார்ந்தது.

அந்த மெசினுக்கு ஒரு விதி உண்டு. மணிக்கு ஒருமுறை, மிளகில் பாதியளவு இரும்புக் குண்டு பதித்த ஒரு அட்டையைக் காட்டிச் சோதிக்க வேண்டும், மெசின் கண்டுபிடித்ததா என்று ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபாரம் என் பொறுப்பு. ஆகவே மணிக்கு ஒருமுறை நான் போய் அட்டையைத் துளசிமணிக்குக் காட்டினேன், அட்டை என் கையை விட்டுப் போனது, "சரி" என்று எழுதினேன். மெசின் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது மானேஜர் எதையாவது எழுதுங்கள் என்றார். து.ம.14 என்று எழுதினேன்.

"ஏனுங்ண்ணா," என்றாள் ஒருநாள், "நான் ஆளுங்களா, மெசினுங்களா?"

"ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லீயே அம்மிணி."

"ஒண்ணாம் தேதி என்னைய சாம்பிளுக்கு மாத்துவாங்களா?"

நான் மானேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் கதவோரம் இருபது நிமிடம் நின்றுவிட்டுக் கேட்டேன். "இதைவிட நல்ல மெசின் நமக்கு எங்கீங்க கிடைக்கும்?" என்றார் குழந்தைவேலு. "கரண்டு வேண்டாம், கத்தறதில்ல. அது அங்கயே இருக்கட்டும்." அது என்றுதான் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்தாள். "ஒரு ஊசி குடுங்ண்ணா."

"உடஞ்சது எங்க?"

"ஒண்ணும் உடையல. தச்சுப் பாக்கோணும், ஒரு ரோசனை இருக்குது."

"உடஞ்சதைக் காட்டாம ஊசி குடுத்தா என் கணக்கு என்னாகறது?"

அவள் போய்விட்டாள். அடுத்த நாளும் வந்தாள், அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள், இருபத்தைந்தாம் தேதி, வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மூன்று துண்டுகள் இருந்தன: ஒரு அடிப்பாகம், ஒரு நடு, ஒரு முனை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடிப்பாகம் பதினோராம் நம்பர் ஊசி. நடு ஒன்பதாம் நம்பர். முனை துருப்பிடித்து, எந்தக் காலத்து ஊசி என்றே தெரியவில்லை. எந்த முறிவும் எந்த முறிவோடும் சேரவில்லை. பேக்கிங்கில் அவள் கைக்கு வந்தவற்றிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றையும் ஒட்டினேன். "பொருந்தியது" என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. ஊசியைக் கொடுத்தேன்.

ஊசிகளுக்கு ஒரு குணம் உண்டென்று அவள் கவனித்திருந்தாள். அவள் கையில் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்ட ஊசிக்கு அவள் குணமே வந்துவிடும். பிறகு உள்ளங்கையைக் காட்டினால் ஓடிவரும், புறங்கையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி ஓடும். புது ஊசியை இரண்டு நாள் கையிலேயே வைத்துப் பழக்கினாள். அதை மெசினில் மாட்டி, சுவிட்சைப் போடாமல், துணியை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையைப் பலகைக்கு அடியில், ஊசிக்கு நேர் கீழே கொண்டுபோனாள். உள்ளங்கையைக் காட்டினாள், ஊசி இறங்கியது. புறங்கையைக் காட்டினாள், ஏறியது. பக்கத்தில் இருந்தால்தானே சாய்வதற்கு? நேர் கீழே இருந்ததால் அது சாயவில்லை. இருபத்தேழாம் தேதி சாப்பாட்டு நேரம் முழுவதும், அடுப்புக்கு விசிறுகிறவள் போல இடது கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஜாண் தையல் போட்டாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஸ்கேல்தான் கொஞ்சம் வளைந்திருந்தது.

இருபத்தெட்டாம் தேதி ஆடிட். கவுன்களை வாங்குகிறவர்களின் தரப்பிலிருந்து சென்னைக்கார மேடம் ஒருவர் வந்தார். நாலாயிரத்து எண்ணூறும் பெட்டியில் இருந்தன, சாயந்திரம் ஆறு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். மேடம் பத்து மணிக்கு வந்து முதலில் என் ஃபாரத்தைத்தான் எடுத்தார்.

"து.ம. பதினாலு. இது எந்த ஊர் மெசின்?"

"லோக்கல் மேடம்," என்றார் ரங்கராஜ்.

"மணிக்கு எவ்வளவு பார்க்கும்?"

"நானூறு பீஸ் பாக்கும் மேடம், சாப்பாட்டு நேரம் போக."

"மெசினுக்கு என்ன சாப்பாடு?"

"தயிர் சாதம்ங்."

மேடம் பேனாவை மூடினார். "கடைசியா சர்வீஸ் எப்போ பண்ணீங்க?"

"தீபாவளிக்கு ஒரு சேலை குடுத்தோம்," என்றார் மானேஜர்.

மெசினைக் காட்டச் சொன்னார். பேக்கிங்கில் பெருக்கல் குறி மட்டும் இருந்தது. துளசிமணி காலை எட்டரைக்கே பதினாலாம் நம்பரில் வந்து உட்கார்ந்து, வெட்டிய துணியில் ஒரு கவுனை முதலிலிருந்து தைத்துக்கொண்டிருந்தாள். மேடம் கிட்டே போனதும் அவருடைய கிளிப் பறந்தது. அவர் முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு குனிந்து தையலைப் பார்த்தார். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் இருக்க வேண்டும். மூன்று இடத்தில் எண்ணினார். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

"அம்மிணி, எந்திரி, பெல்ட்டுக்குப் போ," என்றார் குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருங் சார், கழுத்து ஆச்சு. கை ரெண்டும் பாக்கி."

"இவங்க டைலரா?" என்றார் மேடம். "டைலர்னா மெசின்னு எழுத முடியாது. மெசின்னு எழுதினா சர்டிபிகேட் வேணும். ரெண்டும் இல்லேன்னா இந்த நாலாயிரத்து எண்ணூறும் யாரும் பார்க்காத பீஸ். பெட்டியெல்லாம் பிரிச்சு, ஒவ்வொண்ணா கையால தடவிப் பாருங்க. ஒரு குழந்தை மேல படப்போற துணி. முதல்ல இவங்க யாருன்னு எனக்கு எழுதிக் குடுங்க, அப்புறம் பார்த்தது மட்டும் லாரி ஏறலாம்."

குழந்தைவேலு துளசிமணியின் பக்கத்தில் போய், மூன்றரையடியில் ஜாக்கிரதையாக நின்றுகொண்டார். "சொல்லு தாயி, இப்ப என்ன பண்றது?"

"நீங்கதான் சொல்லோணும் சார். நான் மெசினுங்களா?"

"ஆளுதான்."

"எந்த ஆளுங்?"

"டைலரு."

"எந்த டைலருங்?"

வெளியே லாரி வந்து ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. "சாம்பிள் டைலரு! போதுமா?"

"மேடத்துக்கிட்ட எழுதிக் குடுத்துருங்க சார். நான் கையைத் தச்சு முடிச்சுட்டு வந்தர்றேன்."

அவர் எழுதிக் கொடுத்தார். அவள் இரண்டு கையையும் தைத்து, அடிமடித்து, நூலை வெட்டினாள். முழுக் கவுன். ஹெல்பர் ஒருத்தி ஒரு சீட்டில் பெயரை எழுதிக் கட்டினாள். துளசிமணி அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் படித்தாள். அவள் பெயரில் ஐந்து எழுத்துதான்.

பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினோம். யாருக்கு எத்தனை என்று வகுக்கும் வேலை எனக்கு. அன்று லீவு இல்லை, டைலர்கள், ஹெல்பர்கள், செக்கிங், பேக்கிங், குப்புராஜ், ரங்கராஜ், என்னையும் சேர்த்து முப்பத்தாறு பேர். ஆளுக்கு நூற்று முப்பத்து மூன்று, மீதி பன்னிரண்டு. வாசித்தேன்.

"அந்தப் பன்னெண்டை நான் பாத்துக்கறேன்," என்றார் குழந்தைவேலு பெருந்தன்மையோடு. "நானும் உங்கள்ல ஒருத்தன்தானே."

"என்ற பேரு எங்கீங்ண்ணா?" என்று பின்னாலிருந்து துளசிமணியின் குரல் வந்தது.

பதினெட்டு நாளாக அவளை மெசின் ஃபாரத்தில் எழுதிக்கொண்டிருந்ததில் ஆள் கணக்கில் விட்டுவிட்டேன். எழுதியதை அடித்தேன். முப்பத்தேழு பேர் என்று போட்டு மறுபடி வகுத்தேன். ஆளுக்கு நூற்று இருபத்தொன்பது. ஒவ்வொருவருக்கும் நாலு குறைந்ததில் லைனே கைதட்டியது. மீதியை வாசித்தேன்.

"முதல் கணக்கே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மானேஜர்.

"அது தப்புங் சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ரங்கராஜுக்கும் குப்புராஜுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். அவர் பங்கை எண்ணி அவர் முன்னால் வைத்தேன்.

மீதி இருபத்தேழு.